எழும்பி நிற்றல்

எங்கள் வீட்டுக் குசினி வாசலுக்குப் பக்கத்தில், தரையிலிருந்து நாலடி உயரத்தில், சுவர் ஒரு உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்துப்போயிருக்கிறது. வீடு முழுக்கப் போன தைப்பொங்கலுக்கு வெள்ளையடித்தது. அந்த இடம் மட்டும் ஐப்பசி வருவதற்குள் பழையபடி ஆகிவிட்டது. நான் எழும்பி வந்து பிடிக்கிற இடம் அது. கட்டிலிலிருந்து விறாந்தை தாண்டி அங்கே வந்துசேர இருபது அடி இருக்கும். அதற்குள் கண்ணின் ஓரங்களிலிருந்து இருட்டு உள்ளே வரும், காது இரையும், நெஞ்சு அடிப்பது பிடரியில் கேட்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை மற்றக் காலுக்குக் குறுக்கே போட்டு, தொடையை இறுக்கி நிற்பேன். பார்க்கிறவர்களுக்கு ஏதோ ஒய்யாரமாக நிற்பதுபோலத் தெரியும்.

2021 ஆவணியில் வீட்டில் எல்லாருக்கும் கொரோனா வந்தது. அறுபத்தெட்டு வயது அம்மா பத்தாம் நாள் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டு நின்றார். முப்பத்து மூன்று வயது நான் கட்டிலில் கிடந்தேன். காய்ச்சல் விட்டது, இருமல் விட்டது, மணம் குணம்கூடத் திரும்பி வந்தது. படுத்திருந்தால் ஒரு குறையும் இல்லை. எழும்பினால்தான் வருத்தம். படுத்தால் சுகம், எழும்பினால் நோய் என்று சொல்கிற ஒருத்தியை ஊர் என்னவென்று எடுக்கும்? பெரியம்மா ஒரே சொல்லில் முடித்தார்: "உவளுக்குப் பஞ்சி." எங்கள் பக்கத்தில் பஞ்சி என்றால் சோம்பல். காய்ச்சல்காரிக்குக் கிடைக்கிற இரக்கம் பஞ்சி பிடித்தவளுக்குக் கிடைக்காது.

அம்மா அந்தளவுக்குப் போகவில்லை. கண்ணூறு என்றார். செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டார், கோயிலில் நூல் வாங்கிக் கட்டினார். பிறகு டொக்டர்மார். கிளினிக் கொப்பி ஒன்று நிறைந்து இரண்டாவது தொடங்கியது. இரத்தத்தில் ஹீமோகுளோபின் பார்த்தார்கள், தைரொயிட் பார்த்தார்கள், சீனி பார்த்தார்கள். எல்லாம் சரி. ஈசிஜி எடுக்கும்போது படுக்கவைப்பார்கள். படுத்தால் என்னுடைய இதயம் ஒழுங்கான பிள்ளை. பிறசர் பார்க்கும்போது கதிரையில் இருத்துவார்கள். இருந்தாலும் அது பெரிதாகக் குழப்படி செய்யாது. நிற்கவைத்து ஒருவரும் பார்க்கவில்லை. கடைசியில் ஒருவர் பேனையை மூடிவிட்டுச் சொன்னார்: "பயப்பிட ஒண்டுமில்லைத் தங்கச்சி. இது பதகளிப்பு."

இந்தச் சொல்லைப் பற்றிக் கொஞ்சம் பேசவேண்டும். பதகளிப்பு என்பது யாழ்ப்பாணத்துப் பேச்சில் நெஞ்சு படபடவென்று அடிப்பதற்கும் பெயர், அந்தப் படபடப்புக்குக் காரணமான பயத்துக்கும் பெயர். பொம்பர் இரைச்சல் கேட்டால் பதகளித்தோம். பரீட்சைப் பெறுபேறு வரும் நாளிலும் பதகளிக்கிறோம். உடலையும் மனத்தையும் பிரிக்காமல் சேர்த்துப் பிடிக்கிற நல்ல சொல்தான். ஆனால் எங்கள் உளமருத்துவத் தமிழில் அது ஒரு நோயின் பெயராக உட்கார்ந்துவிட்டது. நான் "நெஞ்சு பதகளிக்குது" என்று நெஞ்சைப் பற்றிச் சொன்னேன். மேசைக்கு அந்தப்பக்கம் அது மனத்தைப் பற்றிய வாக்குமூலமாகப் பதிவானது. இருவரும் ஒரே சொல்லைத்தான் சொன்னோம், அதனால் எங்கே பிசகியது என்று இருவருக்கும் தெரியவில்லை.

இதில் டொக்டர்மாரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. இந்த மண்ணில் முப்பது வருடம் ஆட்களின் நெஞ்சு காரணத்தோடுதான் அடித்தது. தயா சோமசுந்தரம் போன்ற உளமருத்துவர்கள் போர் நடந்துகொண்டிருக்கும்போதே இங்கிருந்து வேலைசெய்து, இங்குள்ள சனங்கள் தங்கள் துயரத்தைத் தலையிடியாகவும் நாரிப்பிடிப்பாகவும் நெஞ்சு நோவாகவும்தான் கொண்டுவருவார்கள் என்பதை எழுதிக் காட்டினார்கள். சோமசுந்தரத்தின் 'ஸ்கார்ட் மைன்ட்ஸ்' என்ற புத்தகம் 1998 இல் வந்தது. உடல் நோவென்று வருகிறவளைத் திருப்பி அனுப்பாமல், உனக்கு என்ன நடந்தது என்று கேட்க ஒரு தலைமுறை மருத்துவர்கள் அதனால்தான் பழகினார்கள். பெரிய காரியம். ஆனால் எந்த நல்ல பழக்கமும் நாளடைவில் கை தானாகப் போகிற குறுக்குவழியாகிவிடும். என்னிடமும் கேட்டார்கள்: இடம்பெயர்ந்தீர்களா, ஆரேன் செத்தவையா, கலியாணம் ஏன் இன்னும் செய்யவில்லை. எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. யாழ்ப்பாணத்தில் யாரிடம்தான் இருக்காது? பதில் இருந்ததாலேயே விசாரணை அங்கே முடிந்தது.

இரண்டு வருடத்துக்குப் பிறகு ஒரு சின்னப் பெண் டொக்டர், என்னுடைய மாணவி வயதுதான் இருக்கும், வேறு எதுவும் கேட்காமல் என்னைப் பத்து நிமிடம் படுக்கச் சொன்னார். நாடி 74. பிறகு எழும்பி, சுவரில் முதுகைத் தொட்டும் தொடாமலும், அசையாமல், கதைக்காமல் நிற்கச் சொன்னார். கையில் பிறசர் பட்டி, சுவரில் மணிக்கூடு. முதல் நிமிடம் 102. ஐந்தாம் நிமிடம் 118. பத்தாம் நிமிடம் 126. பிறசர் விழவில்லை, கொஞ்சம் ஏறிக்கூட இருந்தது. என் கால்களைப் பார்க்கச் சொன்னார். முழங்காலுக்குக் கீழே கத்தரிப்பூ நிறம் படர்ந்திருந்தது. "மிஸ், நீங்கள் இப்ப எதுக்காவது பயந்தனீங்களா?" என்று கேட்டார். நான் கெக்கட்டமிட்டுச் சிரித்துவிட்டேன். பயந்தது அப்போது இல்லை; இரண்டு வருடமாகத்தான்.

எழும்பி நிற்கும்போது அரை லீற்றருக்குக் குறையாமல் இரத்தம் காலுக்கும் வயிற்றுக்கும் இறங்குகிறது. எல்லாருக்கும்தான். கழுத்து நாடியிலும் இதயத்திலிருந்து புறப்படுகிற பெருநாடியின் வளைவிலும் இருக்கிற உணரிகள் உடனே அதை அறிந்து, நரம்பு வழியே செய்தி போய், கீழே உள்ள இரத்தக்குழாய்கள் இறுகி, கெண்டைக்கால் தசை பிழிந்து, இரண்டு மூன்று மூச்சுக்குள் கணக்கு நேராகிவிடும். நல்ல உடம்புக்கு நாடி பத்து இருபது கூடினால் போதும். என்னைப் போன்றவர்களுக்குக் கீழே இறுக வேண்டியது இறுகுவதில்லை. அல்லது உடம்பில் ஓடுகிற இரத்தத்தின் அளவே குறைவு. சிலருக்கு நரம்புகள் தேவைக்கு மேலே நோஅட்ரினலினைக் கொட்டுகின்றன. மூளைக்குப் போகிற இரத்தம் குறையப் பார்க்கும்போது இதயம் தன்னால் முடிந்த ஒரே வேலையைச் செய்கிறது: ஓடுகிறது. இந்த நோய்தான் என்று சொல்ல, நின்ற பத்து நிமிடத்துக்குள், பிறசர் பெரிதாக விழாமல், நாடி 30 அல்லது அதற்கு மேல் கூடவேண்டும்; பத்தொன்பது வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கு 40. மாதக்கணக்கில் இப்படி இருக்கவேண்டும், இரத்தக் குறைவு, தைரொயிட் போன்ற வேறு காரணம் இருக்கக்கூடாது. பெரிய யந்திரம் ஒன்றும் கட்டாயமில்லை. ஒரு சுவரும் மணிக்கூடும் பிறசர் பட்டியும், பத்து நிமிடம் செலவழிக்கிற ஒரு ஆளும் போதும். அந்தப் பத்து நிமிடம்தான் நெரிசல் பிடித்த கிளினிக்கில் விலை கூடிய சாமான்.

பெயர்: பொஸ்ரரல் ஓதோஸ்ரற்றிக் ரக்கிகாடியா சின்ட்றோம். சுருக்கமாகப் பொட்ஸ். தமிழில் ஆக்கிப் பார்த்தேன்: நிற்றல்நிலை மிகைத்துடிப்புக் கூட்டறிகுறி. சொல்லி முடிப்பதற்குள் எனக்குக் கிறுதி வந்துவிடும். இந்தப் பெயர் 1993 இல்தான், மேயோ கிளினிக்கில் செய்த ஒரு ஆய்விலிருந்து நிலைத்தது. ஆனால் ஆள் பழைய ஆள். அமெரிக்க உள்நாட்டுப் போரில் நெஞ்சடிப்பும் களைப்பும் தலைச்சுற்றுமாகத் துப்பாக்கி தூக்க முடியாமல் வந்த முந்நூறு படைவீரர்களைப் பிலடெல்பியாவில் ஜேக்கப் மென்டிஸ் ட கொஸ்ரா என்ற மருத்துவர் கவனித்து, 1871 இல் எழுதினார். இதயத்தில் பழுதில்லை, ஆனால் படுத்தால் ஒரு நாடி எழும்பினால் வேறு நாடி என்பதை அவரே குறித்திருக்கிறார். முதலாம் உலகப்போரில் தோமஸ் லூயிஸ் அதே மாதிரி ஆட்களைப் பார்த்து 'படைவீரன் இதயம்' என்று புத்தகத்துக்குப் பெயர் வைத்தார்; படுக்கையில் கிடத்தாமல் படிப்படியாகக் கூட்டுகிற தேகப்பயிற்சி கொடுத்தார். எல்லா நோயாளிகளும் பொட்ஸ்காரராக இருந்திருக்கமாட்டார்கள். ஆனாலும் போர் ஓய்ந்த ஒவ்வொரு முறையும் இந்த நோய் இதயக்காரரின் அறையிலிருந்து மனநோய்க்காரரின் அறைக்கும், அங்கிருந்து திரும்பவும் இங்குமாக அலைந்திருக்கிறது. இன்றைக்கு நோயாளிகளில் பெரும்பாலானோர் பெண்கள், அதிலும் பிள்ளை பெறும் வயதில் உள்ளவர்கள். அலைச்சல் இன்னும் கூடியிருக்கிறது.

ட கொஸ்ரா எழுதிய அதே காலத்தில் மானிப்பாயில் இன்னொரு அமெரிக்கர், சாமுவேல் பிஸ்க் கிறீன், தமிழில் மருத்துவம் படிப்பித்துக்கொண்டிருந்தார். அவரும் மாணவர்களும் சேர்ந்து மொழிபெயர்த்த 'மனுஷ அங்காதிபாதம்' 1872 இல் அச்சானது. நாட்டு மொழியில் சொல்லாத மருத்துவம் நாட்டில் வேர்விடாது என்று பிடிவாதமாக இருந்த மனிதர். எலும்புக்கும் நரம்புக்கும் சொல் தேடிய அந்த மானிப்பாயிலிருந்து சைக்கிளில் போகக்கூடிய தூரத்தில் இருந்துகொண்டு, நூற்றைம்பது வருடம் கழித்து, என் நெஞ்சுக்கு ஒரு சொல் இல்லாமல் நின்றேன் என்பது எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும்.

மருந்தென்று டொக்டர் முதலில் எழுதியது உப்பு.

நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்புச் சாப்பிடு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் சொல். கிளினிக் சுவரெல்லாம் அந்தப் படம்தான். அதே சுவருக்குக் கீழே இருந்த என்னிடம், 10 கிராம் வரைக்கும் போங்கள், இரண்டரை மூன்று லீற்றர் தண்ணியும் குடியுங்கள் என்றார். உப்பு தண்ணீரைப் பிடித்துவைக்கும், குழாய்களுக்குள் ஓடுகிற அளவு கூடும். பிறசர் கூடியவர்களும் சிறுநீரக நோயாளிகளும் இதைக் கேட்டு உப்புப் போத்தலைத் தூக்கக்கூடாது; எனக்கும் பிறசரைப் பார்த்துப் பார்த்துத்தான் கூட்டினார்கள். வீட்டில் அதுவே ஒரு கலவரமாகிவிட்டது. அம்மாவுக்குப் பிறசர். ஒரே அடுப்பில் இரண்டு கறி. அம்மாவின் சட்டிக்கு உப்பில்லை, என் கோப்பைக்குப் பக்கத்தில் கருவாடு, மோர்மிளகாய், எலுமிச்சங்காய் ஊறுகாய். வெள்ளிக்கிழமைகளில் மரக்கறியோடு ஊறுகாய் மட்டும் கை கொடுக்கும். ஒடியற்கூழ் குடித்த நாளில் நான் பின்னேரம் வரை நல்லாக நிற்பேன் என்பதைப் பெரியம்மாவே கண்டுபிடித்தார். மீனும் நண்டும் உப்பும் சுடுதண்ணீருமாக ஒரு பெரிய சட்டி உள்ளே போனால் நிற்காமல் என்ன செய்யும். பள்ளிக்கூடத்துக்கு ஜீவனி கரைத்துக் கொண்டுபோவேன். வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கிற அதே பைக்கற். இந்தக் கரைசலுக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த கணக்கில் ஒரு லீற்றருக்கு 2.6 கிராம் உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ். குளுக்கோஸ் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு போனால் உப்பு குடலைச் சுலபமாகத் தாண்டும்.

2025 மே மாதம் நாட்டில் உப்புக்கே தட்டுப்பாடு வந்தது. புத்தளத்தில் மழை, கப்பலில் இந்திய உப்பு வரும் என்று காத்திருந்தோம். அதற்கு முன்னர்தான், மார்ச் கடைசியில், ஆனையிறவில் உப்புத் தொழிற்சாலை திறந்து, பைக்கற்றில் சிங்களப் பெயர் அடித்து, ஆனையிறவு உப்பென்று ஏன் போடவில்லை என்று சண்டையும் வந்திருந்தது. போரில் 1990 இல் மூடிய உப்பளம் அது. எத்தனை பேர் செத்த வெளி! கடையில் பைக்கற்றைக் கையில் எடுக்கும்போது எனக்கு இரண்டு கணக்கு ஓடும். ஒன்று, இது எத்தனை நாளுக்குக் காணும். மற்றதைச் சொல்லத் தேவையில்லை.

காலுறை அடுத்தது. தொடைவரை இறுக்கிப் பிடிக்கிற மருத்துவச் சொக்ஸ். வைகாசி வெக்கையில் சேலைக்குள் அதைப் போட்டுக்கொண்டு ஐந்து பாடம் எடுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். இரண்டு கிழமையில் கழற்றி எறிந்துவிட்டேன். டொக்டர் கோபிக்கவில்லை. காலைவிட வயிற்றில்தான் கூட இரத்தம் தேங்குகிறது, வயிற்றை இறுக்கிக் கட்டினாலும் நல்லது என்றார். இதைக் கேட்டதும் அம்மா எழும்பி உள்ளே போய், பழைய நூல் சேலையொன்றை நீளவாக்கில் கிழித்துக்கொண்டு வந்தார். பிள்ளைபெற்றவளுக்கு வயிறு கட்டுகிற கட்டு. என்னைப் பெற்றபோது அம்மம்மா தனக்குக் கட்டியதைச் சொல்லிச் சொல்லி, மூச்சை விடு, இப்ப இழு என்று, இடுப்பெலும்பிலிருந்து விலாவரை சுற்றி முடிந்தார். பிள்ளை பெறாத வயிற்றில் அந்தக் கட்டு விழுவதில் அவருக்கு ஒரு சங்கடம் இருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் முடிந்தார். ஆனால் அன்றைக்கு நாடி 126 போகவில்லை, 108 இல் நின்றது. கொப்பியில் எழுதிவைத்திருக்கிறேன்.

குளிசை பற்றி அதிகம் சொல்ல இல்லை. புரோப்ரனலோல், 10 மில்லிகிராம். 1960களில் வந்த, மலிவான, எல்லா ஆஸ்பத்திரியிலும் இருக்கிற மருந்து. இதயத்தின் கடிவாளத்தைக் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும். தொய்வு வருத்தம் உள்ளவர்களுக்கு ஆகாது. ஐவபிரடீன், புளூட்றோகோட்டிசோன், மிடோட்றின் என்று வேறும் உண்டு. யாருக்கு எது ஒத்துவரும் என்பது அவரவர் உடம்பைப் பொறுத்தது. முழுக்கச் சுகமாக்குகிற மருந்தென்று ஒன்றில்லை. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே இரண்டு செங்கல் வைத்திருக்கிறேன். விடிய எழும்ப முன்னம், படுக்கையிலேயே இரண்டு தம்ளர் தண்ணீர். மத்தியானம் குவித்துச் சோறு இல்லை. குவித்தால் இரத்தமெல்லாம் வயிற்றுக்குப் போய் மூன்று மணிவரை நான் ஆளில்லை.

தேகப்பயிற்சிதான் கசப்பான குளிசை. கிடந்தால் இன்னும் கிடக்கத்தான் வரும், தசையும் இரத்தமும் வற்றும். ஆனால் நின்று செய்யவும் முடியாது. ஆகவே படுத்தும் இருந்தும் செய்கிற பயிற்சியில் தொடங்கி, மாதக்கணக்கில் மெல்லக் கூட்டவேண்டும். பாயில் மல்லாந்து சைக்கிள் மிதிக்கிறேன். நீந்தினால் நல்லம் என்றார் டொக்டர். யாழ்ப்பாணத்தில் கலியாணம் கட்டாத ஒரு வாத்தியாரம்மா எங்கே போய் நீந்துவது? கீரிமலைக்குப் போனேன். கடலுக்குப் பக்கத்திலேயே நன்னீர் ஊறுகிற கேணி. ஆண்களுடையது கடலைப் பார்த்துத் திறந்தது, எங்களுடையது மறைப்புக்குள் இருக்கிறது. குதிரை முகமும் குன்ம நோயுமாக வந்த மாருதப்புரவீகவல்லி முழுகிச் சுகப்பட்ட தீர்த்தம் என்று படித்துக்கொடுத்திருக்கிறேனே தவிர, மருத்துவத்துக்காகப் போவேன் என்று நினைக்கவில்லை. நெஞ்சளவு தண்ணீரில் படியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் நின்ற மனிசிக்கு என்னுடைய வருத்தத்தை முன்னமே சொல்லிவைத்தேன், விழுந்தால் பிடிப்பதற்கு. ஒன்று, இரண்டு, ஐந்து நிமிடம். ஒன்றும் நடக்கவில்லை. தண்ணீர் நாலாபக்கத்தாலும் காலையும் வயிற்றையும் அமத்தி இரத்தத்தை மேலே அனுப்பிக்கொண்டிருந்தது. கழுத்தில் விரல் வைத்து எண்ணினேன்: 84. இரண்டு வருடத்துக்குப் பிறகு ஒன்றையும் பிடிக்காமல், காலைக் குறுக்கே போடாமல், சும்மா நின்றேன். அழுகை வந்தது. கேணிக்குள் அழுதால் யாருக்கும் தெரியாது.

தண்ணீருக்கு வெளியே நிற்பதுதான் சீவியம். காலைப் பிரார்த்தனையில் பிள்ளைகளோடு நிற்கவேண்டும். பெரியவர் வந்தால் எழும்பவேண்டும். இப்போது நான் கதிரையில் இருந்து படிப்பிக்கிறேன். அதிபருக்கு மருத்துவக் கடிதம் கொடுத்தாயிற்று, ஆனாலும் வகுப்பைக் கடந்துபோகிற ஒவ்வொருவரும் கதிரையைத்தான் பார்க்கிறார்கள். நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாள். ஆவணி வெயிலில் சாமி வெளிவீதி வருகிற நேரம் மணலில் இருந்துவிட்டேன். பின்னால் நின்றவர் தோளில் தட்டினார்: "பிள்ளை, சாமி வரேக்கை எழும்பவேணும்." அவருக்கு என்னவென்று விளக்குவது? எழும்பினேன். பிறகு என்னை மூன்று பேர் தூக்கிக்கொண்டுபோய்த் தண்ணீர்ப்பந்தலில் கிடத்தினார்கள். அருள் வந்ததென்று ஒருவர் சொன்னது காதில் விழுந்தது. பதகளிப்பைவிட அது மேல். 2022 இல் எரிவாயுவுக்கு வரிசை வந்தபோது மட்டும்தான் நான் மற்றவர்களோடு சரிநிகராக இருந்தேன். சிலிண்டர்கள் எங்களுக்காக வீதியோரம் வரிசையில் நின்றன. நாங்கள் எல்லாரும் வேம்பின் கீழே குந்தியிருந்தோம்.

ஆனால் எனக்கு உள்ளே அறுத்துக்கொண்டிருந்தது கோயிலும் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. 1995 ஒக்ரோபர் 30. போரில் வலிகாமத்துச் சனமெல்லாம் ஒரே இரவில் தென்மராட்சிக்கு வெளிக்கிட்ட நாள். நாலைந்து லட்சம் பேர், ஒடுங்கின வீதி, மழை. நாவற்குழிப் பாலத்தைத் தாண்ட விடிந்துவிட்டது என்பார்கள். எனக்கு அப்போது ஏழு வயது. அப்பாவின் சைக்கிள் பாரில் துவாயைத் தலையில் போட்டுக்கொண்டு நித்திரை. எங்கள் வீட்டில் எந்தக் கஷ்டத்துக்கும் அந்த இரவுதான் அளவுகோல். கரண்ட் நின்றால், பஸ் பிந்தினால், யாராவது ஏலாது என்றால்: "அண்டைக்கு விடியவிடிய நிண்டனாங்கள்." விடியவிடிய நின்ற தாயின் வயிற்றில் பிறந்துவிட்டுப் பத்து நிமிடம் நிற்க முடியவில்லை என்று எப்படிச் சொல்வது? அம்மா அதை எனக்கெதிராக ஒருநாளும் சொன்னதில்லை. நானே சொல்லிக்கொண்டேன்.

போன மாதம் ஒரு மாலை, குசினியில் கதிரை போட்டு இருந்துகொண்டு வெங்காயம் உரித்தபோது, ஏதோ கதையில் அதைச் சொல்லிவிட்டேன். அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தவர் நிறுத்தவில்லை.

"ஆர் நிண்டது? நான் எங்கை நிண்டனான்? கொப்பான்ரை சைக்கிள் கரியரிலை, உடுப்பு மூட்டைக்கு மேலை தலையை வைச்சுச் சாஞ்சு கொண்டெல்லோ முழு ராவும் வந்தனான். சனம் நெருக்கினபடியால் விழயில்லை. விழ இடமில்லை."

துருவலையைத் திருப்பி, ஒட்டியிருந்த பூவைத் தட்டினார்.

"கால் வேறை ஊதிப்போச்சு. பேந்து கைதடியிலை ஒரு வீட்டுத் திண்ணையிலை படுத்தனான், ரண்டு நாள் எழும்பேல்லை. அதை ஆர் கதைக்கினம்? உப்புப் போத்தலை இஞ்சாலை தள்ளு. உன்ரை கறிக்கு இன்னும் போடேல்லை."